ஒன்று புள்ளி பதினான்குக்கு மேல் வேண்டாம்

என் மனைவி ஒன்பது ஆண்டுகள் எழுதியவற்றை நான் ஒரே காலையில் அழித்துவிட்டேன் என்று என் மைத்துனி பொந்தியானில் பலரிடம் சொல்லியிருக்கிறாள். இது பிழையான தகவல். நான் அழித்தது, அவற்றைத் திறந்து காட்டும் மென்பொருளை மட்டுமே. எழுதியவை எழுதிய இடத்தில் அப்படியே இருந்தன, படிக்கத்தான் இயலவில்லை. இந்த வேறுபாட்டை மைத்துனிக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்றாம் முறை தொலைபேசியில் அவள் கேட்டாள்:

"சாவியத் தொலைச்சிட்டு, பூட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றீங்க. இதுக்கு எதுக்கு அத்தான் பிஎச்டி?"

அவள் என் மனைவியின் தங்கை. அக்காளிடமிருந்து அவள் பெற்றுக்கொண்டவற்றில் நாக்கும் ஒன்று.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே, ஒரு ரொட்டி அளவில் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற அதே மாதத்தில் என் மனைவி அதை வாங்கினாள். குடும்பத்தின் புகைப்படங்கள் அனைத்தையும், ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்தவை உட்பட, அதற்குள் சேர்த்தாள். சேர்த்து வைப்பது மட்டும் அவளுக்குப் போதவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு குறிப்பு இருக்க வேண்டும் என்றாள். குறிப்பில்லாத கோப்பு அநாதை என்பது ஆவணப் பிரிவில் அவளது கொள்கை. அதற்கென ஒரு புகைப்பட மென்பொருளைத் தேடிக் கண்டுபிடித்துப் பெட்டிக்குள் ஓடவிட்டாள். நாள்தோறும் மாலைத் தேநீருக்குப் பின் ஒரு மணி நேரம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தட்டச்சு செய்வாள். இடையிடையே தனியாகச் சிரிப்பாள்.

"என்ன சிரிப்பு?" என்பேன்.

"அதுல போய்ப் பாருங்க. உங்களப் பத்தி நெறைய இருக்கு."

"நூல் முடியட்டும்."

களிமண் சரிவுகள் ஏன் சரிகின்றன என்பது பற்றி நான் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் மண் பொறியியல் கற்பித்தவன். பணி ஓய்வுக்குப் பின் அந்த நூலே என் அலுவலகம். அவள் சென்ற ஆண்டு காலமானாள். நூல் இன்னும் முடியவில்லை.

ஆகவே, இழப்பின் அளவை வாசகர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். படங்கள் என்னிடம் இருந்தன. அவற்றைப் பற்றி அவள் சொன்னவைதான் இல்லை. அவற்றில் ஒரு வரியைக்கூட நான் அதுவரை படித்ததும் இல்லை.

படிப்பது என்று ஒரு காலையில் முடிவு செய்தேன். குளித்து, பசியாறி, முறையாக நாற்காலியில் அமர்ந்து அவளது மடிக்கணினியைத் திறந்தேன். பெட்டியின் முகப்புப் பக்கம், புதுப்பிப்பு ஒன்று காத்திருப்பதாக அறிவித்தது. காத்திருப்பவரை மேலும் காக்கவைப்பது எனக்கு இயலாத காரியம். விடைத்தாள்களை ஒருமுறைகூடத் தாமதமாகத் திருப்பித் தராதவன் நான். சம்மதம் கொடுத்தேன். அது முடிந்ததும், புகைப்பட மென்பொருளுக்கும் புதிய பதிப்பு வந்திருப்பதாகச் சொன்னது. அதற்கும் சம்மதித்தேன். பின்னர், இனிப் பயன்படாத பழைய பதிப்பை நீக்கி இடத்தைச் சுத்தம் செய்யலாமா என்று மிகுந்த பணிவோடு கேட்டது. சுத்தத்துக்கு எதிராக நான் என்றும் வாக்களித்ததில்லை.

மென்பொருள் எழுந்தது, பத்து வினாடியில் விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. பகல் உணவு வரை அது எத்தனை முறை எழுந்தது என்று கணக்கெடுத்தேன். வேறு பயன் கருதி அல்ல. அளவிடக்கூடியதாக அப்போது அது ஒன்றே இருந்தது.

அடுத்த ஒரு வாரம் ஆராய்ச்சியில் கழிந்தது. ஒரு புதிய குறிப்பேடு தொடங்கினேன். இம்மென்பொருள் 'கன்டெய்னர்' என்ற அமைப்புக்குள் ஓடுவது என்பதை அறிந்தேன். ஜோகூரில் வாழ்பவனுக்கு அச்சொல் துறைமுகத்துக்குச் செல்லும் நீண்ட லாரிகளையே நினைவூட்டும். அதைத் தாண்டி என் அறிவு அதுவரை சென்றதில்லை. இறுதியில், அம்மென்பொருளை எழுதுவோர் கூடும் இணைய மன்றத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மதிப்பிற்குரியோரே என்று தொடங்கி, பிரச்சினையின் பின்னணி, நான் மேற்கொண்ட சோதனைகள், எழக்கூடிய மூன்று கருதுகோள்கள், பணிவான வேண்டுகோள் என நான்கு பகுதிகளாக அமைந்த கடிதம். ஓர் ஆய்விதழ் அதை ஏற்றிருக்கும் என்றே நம்புகிறேன். இரண்டு நாளில் எங்கிருந்தோ ஒருவர் பதில் எழுதினார். பதில் முழுமையாக இதுதான்: "பெட்டி பழையது."

கருதுகோள் மூன்றுக்கும் சேர்த்து.

அதன் பிறகுதான் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் ஒரு பெண்ணை அழைத்தேன். நாற்பது வயதிருக்கும். சிங்கப்பூரில் கணினிக் கூடம் ஒன்றில் வேலை. தினமும் பாலம் கடந்து போய் வருபவள். கோயில் அன்னதானக் குழுவில் என் மனைவியோடு காய்கறி நறுக்கிய பழக்கம். என் மனைவியை அக்கா என்பாள். என்னை சார் என்பாள். இந்த உறவுமுறையில் உள்ள முரணை நான் சுட்டிக்காட்டியதில்லை.

சனிக்கிழமை காலை வந்தாள். என் குறிப்பேட்டை மரியாதையாகப் புரட்டினாள்.

"சார், டயக்ராம் எல்லாம் போட்டிருக்கீங்க. அழகா இருக்கு. ஆனா என்ன நடந்துச்சுன்னு எங்கயும் எழுதலயே."

"நடந்தது எனக்குத் தெரியாததால்தான் உன்னை அழைத்தேன்."

"சிம்பிள்தான் சார். கன்டெய்னர்னா கடையில தாப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டார்ற சோறு மாதிரி. சோறு, குழம்பு, சம்பல் எல்லாம் ஒரே பொட்டலத்துல இருக்கும். வீட்டுல அடுப்பே வேணாம், பிரிச்சா சாப்பிடலாம். அக்கா அப்படித்தான் இறக்கி வெச்சிருந்தாங்க. ஆனா கடைக்காரன் இப்பல்லாம் பெரிய பிராசசருக்கு மட்டும்தான் கட்றான். இந்தப் பெட்டியோட பிராசசர் சின்னது, வேற ஜாதி. நீங்க அப்டேட் பண்ணதும் பெரிய பொட்டலத்தக் கொண்டாந்து இதோட வாயில திணிச்சிருச்சு. துப்புது. திணிக்குது. துப்புது."

"பழைய பொட்டலம்?"

"அதான் சுத்தம் பண்ணிட்டீங்களே, சார்."

இதை அவள் கனிவாகச் சொன்னதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

குறிப்புகள் எங்கே உள்ளன என்று பார்த்தாள். ஒரு கோப்பில், சேதமின்றி இருந்தன. ஆனால் எந்தப் பதிப்பு எழுதியதோ அதே பதிப்பைக் கொண்டு திறப்பதே பாதுகாப்பு. வேறொரு பதிப்பு அதைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதிவிடக்கூடும் என்றாள். அந்தக் கோப்பை மூன்று இடங்களில் நகலெடுக்கச் சொன்னேன்.

"ரெண்டு போதும் சார்."

"மூன்று."

நகலெடுத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள்.

"எந்த வெர்ஷன்னு அக்கா எழுதி ஒட்டியிருப்பாங்களே. அவங்க டேப் ஒட்டாம ஒரு சாமானும் வெக்க மாட்டாங்க."

உண்மை. அவள் இருந்தவரை எங்கள் வீட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டப்படாத பொருள் நான் மட்டுமே. ஒவ்வொரு சுவிட்சிலும், டப்பாவிலும், சாவியிலும் அவளது கையெழுத்து இருந்தது. இப்போது சுற்றிலும் பார்த்தேன். ஒரு துண்டு டேப்கூட எங்கும் இல்லை. அவை எப்போது மறைந்தன என்று எனக்கே தெரியவில்லை. கருமாதிக்குப் பிந்திய வாரங்களில் நான் பல பொருள்களைக் கவனிக்கவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டவள் மைத்துனி. உடனே பொந்தியானுக்கு அழைத்தேன். அந்தப் பெண்ணும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன். சாட்சி ஒருவர் இருப்பது நல்லது.

"வீட்டில் உன் அக்காள் ஒட்டியிருந்த டேப்பெல்லாம் எங்கே?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் விஷயத்தில் இது அரிய நிகழ்வு.

"கருமாதி முடிஞ்ச மறுநாள் நீங்க குளிக்கப் போனீங்க, அத்தான். தண்ணி சத்தமே கேக்கல. எட்டிப் பார்த்தா ஹீட்டர் சுவிட்ச் முன்னால நின்னுக்கிட்டு இருக்கீங்க. ரொம்ப நேரமா. அவ எழுத்தப் பார்த்துக்கிட்டே. அதான் எல்லாத்தையும் உரிச்சிட்டேன்."

பெர்மாஸ் ஜெயாப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தூக்கிப் போட்டுவிட்டாயா?" என்று கேட்டேன்.

"அலமாக்! அவ கையெழுத்தப் போய் தூக்கிப் போடுவேனா? என் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கேன். சேலை எடுக்கிறப்ப எல்லாம் திட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன்."

"படி."

"எல்லாத்தையுமா?"

"பெட்டி பற்றியது வரும் வரை."

அலமாரிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. மைத்துனி பள்ளி நாடகத்தில் பேசுவது போலப் படிக்கத் தொடங்கினாள்.

"'ஹீட்டர். ரெண்டு நிமிஷம் போதும், கோழி வேக வெக்கல.' 'சீனி. உங்களுக்கு இல்ல.' 'இந்தச் சாவி எதுக்குன்னு எனக்கும் தெரியாது, போடாதீங்க.' 'மழை வந்தா துணி எடுக்கணும். மழை வந்தது தெரியணும்னா ஜன்னலப் பார்க்கணும்.' இது உங்க மேசையில இருந்துச்சு, அத்தான்."

"எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும். மேலே படி."

"'பெட்டி.' ஆ, இந்தா வந்திருச்சு. 'பெட்டி. ஒன்று புள்ளி பதினாலு. இதுக்கு மேல வேண்டாம். அப்டேட் கேக்கும். கேக்கட்டும்.'"

அந்தப் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆக, எச்சரிக்கையை எடுத்தவள் நீ."

"அத்தான்..."

"நான் பலியானவன்."

"அத்தான், இத நாலு பேருகிட்ட சொல்லாதீங்க லா."

"நாலு பேரிடம் நீ ஏற்கெனவே சொல்லிவிட்டாய். திருத்தம் மட்டும்தான் பாக்கி."

பல மாதங்களுக்குப் பின் அன்று பகல் உணவை முழுதாக உண்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எண் கிடைத்தது, காரியம் முடியவில்லை. பழைய பதிப்பு இணையத்தின் ஒரு மூலையில் இன்னும் கிடைத்தது. ஆனால் பெட்டியின் இயங்குதளத்தை நான் புதுப்பித்திருந்தேன் அல்லவா? கன்டெய்னர்களை வாங்கி ஓடவிடும் அதன் புதிய மேலாளர், அவ்வளவு பழைய முறையில் கட்டிய பொட்டலத்தைக் கையில் வாங்க மறுத்தார். புதிய பொட்டலம் பெட்டிக்குச் சேராது. பழைய பொட்டலம் மேலாளருக்கு ஆகாது. சம்பந்திச் சண்டைகளில் இத்தகைய நிலையைக் கண்டிருக்கிறேன்.

"கட்ட மாத்திருவோம் சார்," என்றாள் அந்தப் பெண். "என் லேப்டாப்ல பழைய மேனேஜர் ஒண்ணு போட்டு, அதுல இறக்கி, பிரிச்சு, புதுத் தாள்ல கட்டிக் கொடுத்தா இவன் வாங்கிக்குவான். உள்ள இருக்கிறது அதே சோறுதான்."

மாலைக்குள் கட்டினாள். பெட்டியில் ஏற்றினாள். மேலாளர் இம்முறை வாங்கிக்கொண்டார். மென்பொருள் எழுந்தது, பத்து வினாடியில் விழுந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். பிழைச் செய்தி, முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்த அதே செய்தி. ஒரு சந்தேகம் எழுந்தது. அதை உடனே சொல்லாமல், தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"உன் மடிக்கணினியின் பிராசசர் பெரியதா, சின்னதா?"

"பெரிசு சார். ஏன்..." கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் மடிக்கணினியில் இறக்கியபோது, அதன் பிராசசருக்கு உரிய பொட்டலத்தையே அது கேளாமல் கொண்டுவந்து கொடுத்திருந்தது. சின்ன பிராசசருக்கு என்று தனியாகக் குறிப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

"சிங்கப்பூர்ல எங்க பாஸ்கிட்ட இத சொல்லிறாதீங்க சார்."

"உன் பாஸை எனக்குத் தெரியாது," என்றேன். "பொந்தியானில் ஒருத்தியைத் தெரியும்."

அன்று நேரமாகிவிட்டதால் மறு சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனாள். அந்த வாரம் மைத்துனிக்கு நானே அழைத்தேன். குறிப்புகள் அநேகமாக மீண்டுவிடும் என்றும், அவற்றுள் அவளைப் பற்றியவையும் இருக்கும் என்று நம்புவதாகவும் தெரிவித்தேன். எத்தனை என்று கேட்டாள். சொல்வதற்கில்லை, ஆனால் உன் அக்காள் விரிவாக எழுதக்கூடியவள் என்றேன். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் கறிபாப் பலகாரம் நிரம்பிய டப்பாவோடு மைத்துனி என் வாசலில் நின்றாள்.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள்.

பெர்மாஸ் ஜெயாப் பெண் இம்முறை சரியான பொட்டலத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஏற்றினாள். மென்பொருள் எழுந்தது. பத்து வினாடி ஆயிற்று. இருபது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பதில் திரை நிறைந்து படங்கள் வந்தன; முதல் படத்தை அவள் தொட்டதும் கீழே எழுத்துகள் வந்தன.

திரையின் மூலையில் காட்டிய நேரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். வேறு எதையும் சுட்டிக்காட்ட அந்தக் கணத்தில் எனக்கு இயலவில்லை.

"அது டைம்ஸோன் சார், சரி பண்ணிரலாம்," என்று மெதுவாகச் சொன்னாள் அந்தப் பெண்.

முதல் படம் எங்கள் திருமணத்துக்கு மறுநாள் எடுத்தது. கீழே: "சட்டையில பேனா குத்தியிருக்காரு. ஹனிமூன்ல யாருக்கு மார்க் போடப் போறாருன்னு தெரியல."

மைத்துனி சிரித்த சிரிப்பில் கறிபாப் துகள்கள் மேசை முழுவதும் சிதறின. அவளது சிரிப்பு நீடிக்கவில்லை. பதினோராவது படத்தில் அவளே இருந்தாள், தீபாவளிக்கு, பச்சைப் பட்டுச் சேலையில். கீழே: "சேலை என்னுது. ஒரு நாளைக்குன்னு கேட்டா. இது எழுதுற வரைக்கும் அந்த ஒரு நாள் முடியல."

"பொய்!" என்று எழுந்துவிட்டாள் மைத்துனி. "அவ எனக்குக் குடுத்தது! அவ வாயால, 'நீயே வெச்சுக்கோ'ன்னு சொன்னா! இத அழிங்க. இல்ல மாத்துங்க. 'அன்பளிப்பு'ன்னு போடுங்க."

"ஆவணத்தைத் திருத்துவது குற்றம்," என்றேன்.

"நீங்க பேசாதீங்க, பேனாக்காரரே!"

"மாத்தலாம் அக்கா," என்றாள் அந்தப் பெண். "ஆனா இப்ப லாகின் பண்ணியிருக்கிறது பெரியக்கா பேர்ல. நீங்க என்ன எழுதினாலும் அவங்க எழுதின மாதிரிதான் காட்டும்."

மைத்துனியின் விரல் விசைப்பலகைக்கு மேல் நின்றுவிட்டது. கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப வேணாம்," என்றாள். "அவ எழுதினது அப்படியே கெடக்கட்டும்." பிறகு நிமிர்ந்து, "ஆனா நான் வாங்கலங்கிறதும் அங்க இருக்கணும்."

அதற்கும் வழி இருந்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே, பிறர் தம் பெயரில் மறுமொழி எழுத இடம் உண்டாம். அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்தாள். மைத்துனி இரண்டு விரல்களால் கால் மணி நேரம் தட்டச்சு செய்தாள்: "நீதான் குடுத்த. சாட்சி: அத்தான்." நான் அதைக் கண்டதில்லை என்று என் கணக்கிலிருந்து உடனே மறுப்பு எழுதினேன். அதன்பின் என்னோடு பேசாமல் மீதிக் கறிபாப்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். காரில் ஏறும்போது கண்களைத் துடைத்துக்கொண்டதை நான் காணாதவன் போல இருந்தேன்; அவளும் அப்படித்தான் விரும்புவாள்.

அந்தப் பெண்ணும் சென்ற பிறகு, முற்பகல் வெயில் இன்னும் இருக்கையில், நான் தனியே அமர்ந்து வரிசைப்படி படித்தேன். ஒன்பது ஆண்டுகளாக என் மீது சாட்டப்பட்டு, எனக்குத் தெரியாமலே நிலுவையில் இருந்த குற்றச்சாட்டுகள். பலவற்றை ஒப்புக்கொண்டேன். சிலவற்றுக்கு விளக்கம் எழுதினேன். பிறகு ஒரு படம் வந்தது. பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியப் பதவியேற்பு உரை. அவள் பக்கவாட்டிலிருந்து எடுத்தது: மேடையில் நான், எதிரே நிறைந்த அரங்கு. கீழே எழுதியிருந்தாள்:

"நாப்பது நிமிஷம்னு சொன்னாரு. எழுபது. ரெண்டு பேர் தூங்கிட்டாங்க."

இது அவதூறு. அறுபத்திரண்டு நிமிடங்கள், என் உரையின் பிரதியில் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். அதோடு, அந்த அரங்கில் உறங்கியவர் எவருமில்லை. அவ்வாறே மறுமொழி எழுதினேன். எழுதியபின், சான்றின்றி மறுப்பது முறையன்று என்று தோன்றியது. படத்தைப் பெரிதாக்கினேன். முதல் வரிசை, விழிப்பு. இரண்டாம் வரிசை, விழிப்பு. மூன்றாம் வரிசையில் துணைவேந்தரின் செயலாளர், தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து. அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி இன்னொருவர். மேலும் பெரிதாக்கி, வரிசை வரிசையாகக் கடைசி வரை சென்றேன்.

என் மறுப்பை முழுவதும் அழித்தேன். அதன் இடத்தில் இவ்வாறு எழுதினேன்:

"அறுபத்திரண்டு. மூன்று பேர். தூணுக்குப் பக்கத்தில் இருப்பவரை நீ கவனிக்கவில்லை."